கூலி உயர்ந்தால் வேலை குறையுமா?

(உழைப்பாளர் கூட்டத்தில் ஆற்றிய பொழிவு)

நாம் கூலியைக் கூட்டிக் கேட்கும்போதெல்லாம், "கூட்டிக் கொடுத்தால் ஆளைக் குறைக்க வேண்டிவரும்" என்னும் விடையே வருகின்றது. பொருளியல் நூல்களும் நெடுங்காலம் அதனையே சொல்லின. விலை ஏறினால் வாங்குவோர் குறைவர். கூலியும் உழைப்பின் விலைதானே என்பது அவற்றின் கணக்கு. அக்கணக்கு எங்கும் பொருந்துமா என்பதை அளந்து பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

அவ்வாறு அளந்தோர் உளர். அமெரிக்காவின் நியூசெர்சி மாநிலத்தில், சட்டம் வகுத்த மிகக் குறைந்த கூலி, 1992ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாளன்று, மணிக்கு 4.25 தாலரிலிருந்து 5.05 தாலராக உயர்ந்தது. அடுத்துள்ள பென்சில்வேனியாவிலோ பழைய கூலியே நின்றது. தேவிடு கார்டு, ஆலன் குரூகர் என்னும் பேராசிரியர் இருவர், இருபக்கமும் சேர்த்து 410 விரைவுணவகங்களில், உயர்வுக்கு முன்னும் பின்னும் ஆள்கணக்கு எடுத்தனர். கூலி கூடிய பக்கத்தில் வேலை குறையவில்லை! 1994-இல் வெளிவந்த அம்முடிவைச் சிலர் வேறு கணக்குக் காட்டி மறுத்தனர், சொற்போர் நீண்டது. ஆயினும், இத்தகைய ஆய்வுகளுக்காகவே கார்டுக்கு 2021-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

வேலை குறையாமைக்குக் கரணியம் என்ன? கூலி குறைந்த இடத்தில் ஆள் நிலைப்பதில்லை. புதியவரைத் தேடுவதும் பழக்குவதும் முதலாளிக்குச் செலவே. 1914-இல் என்றி போர்டு தம் உந்துவண்டித் தொழிலகத்தில் நாட்கூலியை ஏறத்தாழ இருமடங்காக, 5 தாலராக உயர்த்தினார். ஆட்கள் விலகிச் செல்வது பெரிதும் குறைந்தது. அவர் அதனை அருளால் செய்யவில்லை, கணக்கறிந்தே செய்தார். மேலும், ஓரூரில் வேலை தருவோர் ஓரிருவரே எனின், கூலியை அவர்கள் உழைப்பின் பயனுக்கும் கீழே அழுத்தி வைத்திருத்தல் கூடும். அங்கே கூலி உயர்வது அவர்களின் மிகுவருவாயைக் குறைக்குமேயன்றி, வேலையைக் குறைத்தாக வேண்டியதில்லை.

ஆயினும் நம்மை நாமே ஏமாற்றிக் கொள்ளலாகாது. தொழில் தாங்கும் எல்லைக்கு மேல் கூலியை ஒரேயடியாக ஏற்றினால், சிறுதொழில் மூடப்படும். ஆள் நின்ற இடத்தில் பொறி வந்து நிற்கும். அப்பொழுது தெருவில் நிற்பவர் நம் உடன்பிறந்தாரே.

எனவே, "ஆளைக் குறைப்பேன்" என்பாரிடம் கணக்கேட்டைக் கேளுங்கள். விற்பனை எவ்வளவு? அதில் கூலியின் பங்கு எவ்வளவு? ஓராண்டில் விலகியோர் எத்துணைப் பேர்? இவற்றை அறிந்து கேட்கும் கூலியே நிலைக்கும். அறியாமல் அஞ்சினால் உரிமை போம். அறியாமல் கேட்டால் வேலை போம்.