எங்கிருந்து அளக்கிறோம்?
(மறுசந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெற்றிக் கதை சொல்ல மேடையில் பலர் இருக்கிறார்கள். நான் சொதப்பிய கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நம்ம மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு 1999-ல் திறந்தது. எந்த ஊர் பஸ் எங்கே நிற்குதுன்னு படத்தில் காட்டும் புரோகிராம் ஒன்றை 2000-ல் இறுதியாண்டு ப்ராஜெக்டாகச் செய்தேன். டிசிஎல்/டிகே-யில் எழுதினேன். படத்தில் ஓர் இடத்தை மவுஸால் கிளிக் செய்தால் ஊர்ப்பெயர் வரும். வீட்டுக் கம்ப்யூட்டரில் நூறு தடவை பார்த்தேன், அத்தனையும் சரி.

வைவா அன்று லேபில் சின்ன மானிட்டர். படம் முழுசாகத் தெரியவில்லை. தேர்வாளர் ஐயா படத்தை 400 புள்ளி நகர்த்தி, சென்னை பஸ் நிற்கிற இடத்தில் கிளிக் செய்தார். 'திருநெல்வேலி' என்று வந்தது! "ஏம்ப்பா, உன்னை நம்பி ஏறினா தெற்கே போயிடுவேன் போலிருக்கே?" லேபே சிரித்தது. எனக்குப் பேச்சு வரவில்லை.

நடந்தது இதுதான். கிளிக் செய்ததும் டிகே இரண்டு ஜோடி எண்கள் தரும். ஒன்று அந்த விட்ஜெட்டின் இடது மேல் மூலையிலிருந்து அளந்தது, மற்றது முழுத் திரையின் மூலையிலிருந்து அளந்தது. (இரண்டிலும் ஒய் கீழ்நோக்கித்தான் கூடும். கிராஃப் தாளில் பழகியவர்கள் இங்கேயும் இடறுவார்கள்.) படம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பது இரண்டுக்குமே தெரியாது. விட்ஜெட்டில் 120 என்றால், நகர்ந்த படத்தில் அது 520. நானோ 120-ல் எந்த ஊர் என்று தேடியிருக்கிறேன். வீட்டில் படம் நகரவே இல்லை. இரண்டு எண்ணும் ஒன்றாயிருந்ததால் தப்பு வெளியே வரவில்லை, அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாண்டில் "நாலாவது பஸ்"னு ஒருத்தர் கை காட்டினா, எந்தப் பக்கத்திலிருந்து நாலாவதுன்னு கேட்போமில்லையா? நான் கேட்கவில்லை.

மருந்து என்னவோ சின்னதுதான். கேன்வாஸ்எக்ஸ், கேன்வாஸ்ஒய் என்ற இரண்டு கட்டளைகள் விட்ஜெட் எண்ணைப் படத்தின் எண்ணாக மாற்றித் தரும். பைத்தானின் டிகின்டரிலும் இதே பெயர்தான், தம்பிகள் பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் இன்னொரு வேடிக்கை: மவுஸ் நகர்ந்த செய்தி விண்டோவின் உள்பரப்பை வைத்து எண் சொல்லும், சக்கரம் சுற்றிய செய்தி முழுத் திரையை வைத்துச் சொல்லும்.

அன்று ராத்திரியே சரிசெய்துவிட்டேன். ஆனால் மார்க் அதற்கு முன்பே போட்டாயிற்று. மார்க் ஷீட் பையில்தான் இருக்கிறது. கேட்கிறவர்களுக்குக் காட்டுகிறேன்.