தமிழருக்கு ஏன் பெரிபெரி வரவில்லை?

(சுபாங் ஜெயாவில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் மருத்துவர் அல்ல. மக்கள் தொடர்பியலில் டிப்ளோமா முடித்துவிட்டு, எழுதிக் கொடுத்ததை வாசிப்பவள். ஒரு நாள் காலை நிகழ்ச்சியில், "தினமும் பாகற்காய்ச் சாறு குடிப்பவர்களுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது" என்று ஒரு துணுக்கை வாசித்தேன். மறுவாரம் கிள்ளானிலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் வந்தார். "இனிப்பு நீர் மாத்திரையை நிறுத்திட்டேம்மா. நீ சொன்ன சாறுதான் குடிக்கிறேன்" என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அன்றே அவரைக் கிளினிக்குக்குப் போகச் சொன்னேன். போனார், நல்ல வேளை.

பிறகுதான் யோசித்தேன். நாள் தவறாமல் கசப்புச் சாறு குடிப்பவர் யார்? உடம்பில் அக்கறை உள்ளவர். அவர் மாத்திரையையும் வேளை தவறாமல் போடுவார், மாலையில் நடப்பார், தே தாரிக்கில் சீனியைக் குறைப்பார். சர்க்கரை குறைந்தது சாற்றினாலா, இவற்றாலா? குடிப்பவரையும் குடிக்காதவரையும் வெறுமனே ஒப்பிட்டால் அது தெரியவே தெரியாது. நடுவில் நாம் கணக்கில் எடுக்காத மூன்றாவது ஆள் ஒருவர் ஒளிந்திருக்கிறார்.

இந்த மூன்றாவது ஆளைப் பிடித்த கதை நம் கோலாலம்பூரிலேயே நடந்திருக்கிறது. நூறாண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் மரத்து, வீங்கி, கடைசியில் இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கத்துச் சீனர்களுக்கே அதிகம் வந்தது. தோட்டத்துத் தமிழர்களுக்கும் கம்பத்து மலாய்க்காரர்களுக்கும் அவ்வளவாக வரவில்லை. தமிழர் ரத்தம் அப்படி என்று மார்தட்டிக் கொள்ளலாம்தான்! நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் அப்படி நினைக்கவில்லை. சீனர் சாப்பிட்டது ஆலையில் தீட்டிய சயாம் பச்சரிசி. தமிழர் சாப்பிட்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. மலாய்க்காரர் வீட்டிலேயே குத்திய அரிசியைச் சாப்பிட்டார்கள். காரணம் அரிசிதான் என்றார் அவர்.

ஆனால் மற்றவர்கள் விடவில்லை. வேலை வேறு, குடியிருப்பு வேறு, கறி வேறு. அரிசி மட்டும்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது? நியாயமான கேள்வி.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் ஃபிளெட்சர் 1905 டிசம்பரில் ஒரு காரியம் செய்தார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படை எண்காரர்கள் ஒரு பக்கம், அவர்களுக்குப் பச்சரிசி; இரட்டைப்படை எண்காரர்கள் மறுபக்கம், அவர்களுக்குப் புழுங்கலரிசி. அரிசிமேல் அவருக்கே நம்பிக்கை இல்லை. கட்டடத்தில்தான் கிருமி இருக்குமோ என்று பாதியில் இரு பிரிவினரையும் இடம் மாற்றியும் பார்த்தார். நோய் கட்டடத்தோடு தங்கவில்லை, அரிசியோடு போயிற்று. ஓராண்டில் பச்சரிசி சாப்பிட்ட 120 பேரில் 18 பேர் இறந்தார்கள். புழுங்கலரிசி சாப்பிட்ட 123 பேரில் இந்த நோயால் ஒருவரும் இறக்கவில்லை.

அந்தப் பதினெட்டு பேரை யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இன்று எந்த மருத்துவமனையும் இதை அனுமதிக்காது. அந்தக் கணக்கை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள வைட்டமின் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை. நம்மைக் காப்பாற்றியது ரத்தம் அல்ல, நம் பாட்டிமார் விடாமல் கேட்ட புழுங்கல் சோறு.

எல்லாவற்றுக்கும் இப்படி இரண்டு வரிசை நிறுத்த முடியாது. யாரையும் பிடித்து இருபது வருடம் சிகரெட் பிடிக்க வைக்க முடியுமா? அங்கே வேறு வழி உண்டு. புகைப்பவர்க்கு நுரையீரல் புற்றுநோய் பிறப்பிலேயே வந்த குணத்தால் இருக்கலாம் என்று சிலர் வாதாடினார்கள். 1959-இல் கார்ன்ஃபீல்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் எளிய கணக்கு ஒன்றைப் போட்டார்கள். புகைப்பவர்க்கு ஆபத்து ஒன்பது மடங்கு என்றால், அதற்கு முழுக்கப் பழியேற்கும் அந்த மூன்றாவது ஆளும் புகைப்பவரிடம் குறைந்தது ஒன்பது மடங்கு அதிகமாக இருந்தாக வேண்டும். அப்படிப்பட்ட ஆள் எங்கே, காட்டுங்கள் என்றார்கள். யாராலும் காட்ட முடியவில்லை. பாகற்காய்ச் சாற்றுக்கு அப்படியில்லை. கொஞ்சம் நடையும் வேளைக்கு ஒரு மாத்திரையும் போதும், அதன் பெருமை முழுவதையும் தட்டிக்கொண்டு போய்விடும்.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் 31.4 விழுக்காடு. உடனே "நம்ம ரத்தம் அப்படி" என்கிறோம். பரம்பரைக்குப் பங்கில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேலை நேரம், வருமானம், தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்கு வந்த பிறகு குறைந்த நடை, தட்டில் விழும் வெள்ளைச் சோறு, இவையெல்லாம் இனம் என்ற ஒரே கட்டத்துக்குள்தானே கிடக்கின்றன?

கிள்ளான் அம்மா போன மாதம் மறுபடியும் அழைத்தார். மாத்திரை போடுகிறாராம், சாறும் குடிக்கிறாராம். "நீ அன்னைக்கு வாசிச்சியே, அதுல சாறு குடிச்சவங்க மாத்திரையும் சாப்பிட்டாங்களாம்மா?" என்று கேட்டார். அந்தத் துணுக்கில் அது எழுதியிருக்கவில்லை என்றேன்.