அண்ணன் மகளை ரயில் ஏற்றி அனுப்பிய கதை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசினவங்க வங்கிக் கடன், மாவு மில்லு, ஆடு வளர்ப்புன்னு எல்லாத்தையும் பேசிட்டாங்க. நான் பேசப் போறது பதினஞ்சு வயசுப் பிள்ளை ஒண்ணை ரயில் ஏத்தி விட்ட கதை. சிரிக்காதீங்க. கடன் வாங்கிறதைவிட அது எனக்குப் பெரிய பாடா இருந்துச்சு.

என் அண்ணன் குடும்பம் தாம்பரம் பக்கம் இருக்கு. பத்தாவது பரீட்சை முடிஞ்ச கையோட அவன் மகளை எங்க வீட்டுல கொண்டாந்து விட்டான். ஒரு மாசத்துக்கு மேல இருந்தா. பள்ளிக்கூடம் திறக்கும்போது வந்து கூட்டிட்டுப் போறேன்னான். கடைசியில கம்பெனியில லீவு குடுக்கல. "நீயே ஏத்தி விட்டுரு, காலையில நான் ஸ்டேஷன்ல நின்னு இறக்கிக்கிறேன்"னு போன்ல சொல்லிட்டான். சொல்றது சுலபம்.

ஏற்கெனவே ஒரு டிக்கெட் போட்டு வச்சிருந்தோம், வெயிட்டிங் லிஸ்ட் 43. ஊரே பிள்ளைகளைக் கூட்டிட்டுச் சென்னைக்குத் திரும்புற வாரம், எங்க நகரும்? சார்ட் போட்டாங்க, உறுதியாகல. ஆன்லைன்ல போட்ட டிக்கெட் அப்படி நின்னுட்டா அது தானாவே ரத்தாகிடும், பணம் திரும்பி வந்துரும். அதை வச்சுக்கிட்டு வண்டி ஏறக் கூடாது. இது நம்ம பல பேருக்குத் தெரியாது. மெசேஜ் இருக்கேன்னு ஏறி, அபராதம் கட்டினவங்க நம்ம பஞ்சாயத்துலயே இருக்காங்க.

அடுத்து தட்கல். ஸ்லீப்பருக்கு முந்தின நாள் காலையில 11 மணிக்குத் திறக்கும், ஏசிக்கு 10 மணிக்கு. பிரவுசிங் சென்டர் தம்பிகிட்ட பணத்தைக் குடுத்துட்டு உக்காந்தேன். முதல் அரை மணி நேரம் ஏஜெண்டுகளுக்குத் திறக்காதாம். 11.30க்கு அவர் உள்ளே போறப்ப எல்லாம் முடிஞ்சு போச்சு. மறுநாள் விடியறதுக்கு முன்னாலயே கவுண்டர்ல போய் நின்னேன். எனக்கு முன்னால நாலு பேர். அந்த நாலு பேர்ல ஒருத்தருக்குச் சில்லறை தகராறு. அப்போ என் நெஞ்சு அடிச்சது பக்கத்துல நின்னவங்களுக்கே கேட்டிருக்கும். பொதிகையில ஒரு மிடில் பெர்த் கிடைச்சுச்சு. வீட்டுக்கு வந்து பிஎன்ஆர் நம்பரைக் காலண்டர்ல பெருசா எழுதி வச்சேன்.

இவ்வளவு பாடுபட்டு வாங்கிட்டு வந்தா, மகாராணி கேக்கறா, "அப்பர் பெர்த் இல்லையா அத்தை?"

பிறகு மூட்டை. நான் கருப்பட்டி, முறுக்கு, மாவடு, கடலை மிட்டாய், எங்க மாமியார் தன் பங்குக்கு அரைச்ச மிளகாய்ப்பொடின்னு கட்டி வச்சேன். "இதையெல்லாம் யாரு தூக்குவா?"ன்னு ஒவ்வொண்ணா வெளியே எடுத்து வைக்கிறா. வெறும் பையோட அனுப்பினா மதினி என்னை என்ன நினைப்பா? ஒரு மணி நேரப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு கருப்பட்டியும் முறுக்கும் போச்சு. மாவடு தோத்துருச்சு.

ஸ்டேஷன்ல போர்டு காட்டின இடத்துல நின்னோம். கோச் வந்து நின்னது அதைவிட ரெண்டு பெட்டி தள்ளி. வண்டி நிக்கிறதே ஓரிரு நிமிசம். ஓடி ஏத்தினோம். அவ இடத்துல ஒரு பெரியவர் காலை நீட்டி உக்காந்திருக்கார். "பாப்பா, நீ அந்தப் பக்கம் போய் உக்காரேன்"ங்கறார். நான் ஜன்னல் வழியா வாயைத் திறக்கும் முன்னாலயே அவ சொல்லிட்டா: "தாத்தா, பத்து மணி வரைக்கும் கீழ் சீட்டுல உக்கார எனக்கும் இடம் உண்டு. கொஞ்சம் தள்ளிக்கங்க." உண்மைதான், நடு பெர்த்தை ராத்திரி 10 மணியில இருந்து காலை 6 மணி வரைக்கும்தான் போடலாம். அவர் தள்ளிக்கிட்டார். அந்த நிமிசம்தான் எனக்கு வயித்துல கொஞ்சம் பால் வார்த்த மாதிரி இருந்துச்சு.

ஆனா அது நீடிக்கல. மதுரை தாண்டினதும் மதினி அவளுக்குப் போன் போட்டிருக்கா, எடுக்கல. அண்ணன் போட்டான், எடுக்கல. பிறகு ரெண்டு பேரும் எனக்குப் போட ஆரம்பிச்சாங்க. "பொம்பளைப் பிள்ளையைத் தனியா எப்படி அனுப்பின?"ன்னு கேக்கறான், ஏத்தி விடச் சொன்னவனே! பதினோரு மணி ஆச்சு. என் வீட்டுக்காரர் வாசல்ல நடக்கிறார். நான் 139க்குப் போட்டேன். பிஎன்ஆர், கோச், பெர்த் கேட்டாங்க. காலண்டரைப் பார்த்துச் சொன்னேன். திருச்சியில ரயில்வே பாதுகாப்புப் படை ஆளுங்க ஏறிப் பார்த்திருக்காங்க. இவ காதுல அந்த வயரைச் சொருகிக்கிட்டு நல்லாத் தூங்கியிருக்கா. எழுப்பி, வீட்டுக்குப் பேசச் சொல்லிட்டு இறங்கிட்டாங்க.

பேசினா. என்ன பேசினா தெரியுமா? "பெட்டியில எல்லாரும் என்னை ஓடிப் போற பிள்ளை மாதிரி பார்த்தாங்க. நம்பாதவங்க எதுக்கு அனுப்பணும்?"னு அழுதா. அவ அழுததும் நியாயம். ஆனா நான் போன் போட்டதும் நியாயம்தான். இன்னொரு தடவை அப்படி ஆனாலும் போடுவேன். ரெண்டும் எப்படி ஒரே நேரத்துல சரியா இருக்கும்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல, சரியாத்தான் இருக்கு. காலையில அண்ணன் கூட்டிட்டுப் போயிட்டான். மூணு நாள் என்கூடப் பேசல.

இதை ஏன் இங்க வந்து சொல்றேன்னா, போன மாசம் எங்க குழுக் கூட்டத்துல ஒரு அக்கா, மகளுக்கு வெளியூர்ல நர்சிங் சீட் கிடைச்சும் சேர்க்கலைன்னு சொன்னாங்க. பணத்துக்குக் குழுவுல கடன் குடுக்க நாங்க தயார். "ராத்திரி ரயில்ல தனியா வரணுமே"ங்கறதுதான் காரணம். அந்த அக்காவை நான் குறை சொல்ல மாட்டேன். வாசல்ல நடந்த ராத்திரியை நானும் பார்த்தவதானே. ஆனா சீட்டை விடறதுக்கு முன்னால ரயில்ல என்னென்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு விடலாமே. ஸ்லீப்பர்ல பொம்பளைகளுக்குன்னே ஆறு பெர்த் ஒதுக்கீடு உண்டு, தனியாப் போற பெண் எந்த வயசானாலும் கேக்கலாம். கவுண்டர்ல "லேடீஸ் கோட்டா"ன்னு வாய் திறந்து கேக்கணும். 1989ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்துல, ஆண் துணை இல்லாம வர்ற பெண்கிட்ட டிக்கெட் இல்லைன்னாலும், ராத்திரியில நடு வழியில இறக்கி விடக் கூடாதுன்னு இருக்கு. பகல்லதான், அதுவும் அவ ஏறின ஸ்டேஷன்லயோ, ஜங்ஷன், கடைசி ஸ்டேஷன், மாவட்டத் தலைநகர் மாதிரி இடத்துலயோதான் இறக்கலாம். டிக்கெட் இல்லாம அனுப்பச் சொல்லல தாயே, சட்டம் இப்படி இருக்குன்னு சொல்றேன். குடும்பத்துல ஒருத்தர் டிக்கெட்டை இன்னொருத்தர் பேருக்கு மாத்தலாம், ஆனா அப்பா அம்மா, கூடப் பிறந்தவங்க, புருஷன் பொண்டாட்டி, பிள்ளைகள்னு மட்டும்தான். அத்தை டிக்கெட்டை அண்ணன் மகளுக்கு மாத்த முடியாது. அத்தைன்னா ரயில்வேக்கு எவ்வளவு இளக்காரம் பாருங்க!

அந்த அக்கா மகளைச் சேர்க்க இன்னும் ஒரு வாரம் இருக்காம். நேத்து ராத்திரி எங்க வீட்டுல உக்காந்து பேசினோம். முதல் தடவை நானும் கூடப் போறேன்னு சொல்லியிருக்கேன். இன்னும் பதில் சொல்லல.

என் மருமக இப்போ பேசறா. அரையாண்டு லீவுக்குத் தனியா வர்றேன்னு அவளே சொல்லியிருக்கா. முன்பதிவு 60 நாளைக்கு முன்னாலதான் திறக்கும், அதனால அக்டோபர் கடைசியில காலையில எட்டு மணிக்கு நான் கவுண்டர்ல நிக்கணும். இந்தத் தடவை அப்பர் பெர்த் வேணுமாம். மாவடுவுக்குப் பதிலா எலுமிச்சை ஊறுகாய் போடவான்னு கேட்டேன், போனை வச்சுட்டா.