குழந்தையின் சிறுநீரகமும் வில்ம்சின் ஆராய்ச்சியும்

(சங்க உறுப்பினர்கள் முன் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



வைத்திய உலகத்திலே ஒரு நோய்க்கு ஒருவருடைய பெயர் சூட்டப்பட்டிருந்தால், அந்த நோயை அவர் மாற்றியிருப்பார் என்றே நம்மிற் பலர் எண்ணுகிறோம். உண்மை பெரும்பாலும் அப்படியன்று. நோயை முதன்முதலில் ஐயந்திரிபறத் தெரிந்து எழுதியவரின் பெயரே அதற்கு நிலைத்துவிடுகிறது. மாற்றும் வழியோ பின்வந்தோர் பலருடைய உழைப்பினாற் கிடைக்கிறது. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட மாக்ஸ் வில்ம்ஸ் என்னும் ஜேர்மன் வைத்தியரின் வரலாறு இதற்கு நல்ல சான்று.

முதலிற் சிறுநீரகத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லவேண்டும். நம் வீடுகளிற் குண்டிக்காய் என்று வழங்குவது இதுவே. முதுகுப்புறமாக, முள்ளந்தண்டின் இருமருங்கிலும் கைப்பிடியளவாக அமைந்திருக்கின்றது. இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தில் ஐந்திலொரு பங்கு இவ்விரண்டுக்கும் வருகின்றது. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10 இலட்சம் நுண்ணிய வடிகள் உள. ஒரு நாளில் இவை வடிக்கும் நீர் ஏறக்குறைய 180 லீற்றர். வெளியேறும் சிறுநீரோ ஒன்றரை லீற்றரளவு. எஞ்சியது முழுவதும் உடலுக்கே மீட்டளிக்கப்படுகின்றது. சிக்கனம் என்றால் என்னவென்று இந்த உறுப்பிடம் நாம் கற்றுக்கொள்ளலாம்!

இவ்வடிகள் யாவும் தாயின் கருப்பையிலேயே ஆக்கப்படுபவை. கருவுற்ற 36ஆம் கிழமையளவிலே அந்த வேலை முடிந்துவிடுகின்றது. அதன்பின் ஒரு புதிய வடிதானும் உண்டாவதில்லை. ஆகவே, சிறுநீரகமாக மாறவேண்டிய இளங்கலங்கள் உரிய காலத்தில் தம் வேலையை முடித்து முதிர்ச்சியடைய வேண்டும். முதிராமலே சில தங்கிவிட்டால் என்ன நேரும்? இக்கேள்வியை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

வில்ம்ஸ் 1867ஆம் ஆண்டிற் பிறந்தவர். சத்திரசிகிச்சை வைத்தியராய் விளங்கியபோதிலும், நோயுற்ற இழையங்களை நுணுக்குக்காட்டியினால் ஆராயும் கல்வியிலும் தேர்ச்சி பெற்றிருந்தார். லைப்சிக் நகரிற் பணிபுரிந்த காலத்தில், 1899ஆம் ஆண்டிலே, சிறுநீரகத்தின் கலப்புக் கட்டிகளைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று.

குழந்தைகளின் சிறுநீரகத்திலே பெருங்கட்டி தோன்றும் என்பதை அவர்தாம் முதலிற் கண்டார் என்று கொள்ளலாகாது. 1814ஆம் ஆண்டிலேயே ரான்ஸ் என்பவர் அத்தகைய கட்டியொன்றை விவரித்திருந்தார். பின்னரும் பலர் எழுதினர். ஆனால் ஒவ்வொருவரும் தாம் கண்டதற்கு ஒவ்வொரு பெயரிட்டனர். காரணம் உண்டு. அக்கட்டியை வெட்டிப் பார்த்தால் ஓரிடத்திற் சிறுநீரகக் குழாய் போன்ற அமைப்பும், ஓரிடத்தில் தசைநாரும், சிலவற்றிற் குருத்தெலும்புங்கூடக் காணப்பட்டன. சிறுநீரகத்திலே தசைக்கும் குருத்தெலும்புக்கும் என்ன வேலை? தசையைக் கண்டவர் தசைக்கட்டி என்றார். குழாயைக் கண்டவர் வேறொன்றென்றார். யானையைத் தடவிப் பார்த்த குருடர் கதைதான்.

வில்ம்ஸ் செய்ததென்ன? முன்னோர் எழுதியவற்றையெல்லாம் தேடி ஒன்றுசேர்த்தார். தாம் ஆராய்ந்த ஏழு குழந்தைகளின் கட்டிகளையும் அவற்றோடு வைத்து ஒப்பிட்டார். இவை பல நோய்களல்ல, ஒரே நோயின் பல தோற்றங்களே என்று நிறுவினார். முளையத்திலே இன்ன உறுப்பாவதென்று இன்னும் முடிவாகாத நிலையிலுள்ள கலங்களிலிருந்து இக்கட்டி எழுகின்றது. ஆதலாற்றான் பலவகை இழையங்களும் அதில் ஒருங்கே தோன்றுகின்றன என்பது அவர் தந்த விளக்கம்.

அவர் கூறியவை யாவும் அப்படியே நிலைத்தனவா என்று இளைஞர்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அக்கலங்கள் சிறுநீரகம் உருவாகத் தொடங்குவதற்கும் முந்திய நிலைக்குரியவை என்று அவர் கருதினார். சிறுநீரகத்தையே ஆக்குகின்ற இளங்கலங்களே அவை என்பது பிற்கால ஆராய்ச்சியின் முடிவு. இடத்தைச் சொன்னதிலே திருத்தம் வந்தது. முதிராத கலமே மூலம் என்ற அடிப்படை நிலைத்தது. அமெரிக்க நோயியல் அறிஞர் புரூஸ் பெக்வித்தும் அவருடைய துணைவர்களும் 1990இல் வெளியிட்ட கட்டுரை இதனை மேலும் தெளிவாக்கிற்று. முதிராத சிறுநீரக இழையம் சிறுசிறு எச்சங்களாகச் சில குழந்தைகளிடம் தங்கிவிடுகின்றது. பெரும்பாலும் அது தானே மறைந்துபோகும். எங்கோ ஒன்றே கட்டியாகின்றது என்று அவர்கள் வகுத்துக் காட்டினர்.

அதே 1990ஆம் ஆண்டிலே, 11ஆம் நிறமூர்த்தத்தில் இந்நோயோடு தொடர்புடைய பரம்பரையலகு ஒன்று பிரித்தறியப்பட்டது. வில்ம்சின் பெயரைத் தாங்கிய அதனை முற்றாக இழந்த சுண்டெலிகளுக்குச் சிறுநீரகமே உருவாவதில்லை என்பது 1993இல் வெளியாயிற்று. ஒன்றைச் சிந்தியுங்கள். இக்கட்டிகளில் ஒரு பகுதியிலே பழுதடைந்து காணப்படும் அதே அலகுதான் சிறுநீரகத்தை ஆக்குவதற்கும் இன்றியமையாததாக இருக்கின்றது. உறுப்பு உருவாகும் முறையை அறியாமல் அதன் கட்டியை அறியமுடியாது. கட்டியை ஆராய்ந்தால் உறுப்பின் பிறப்பும் விளங்குகின்றது. இரண்டு கல்வியும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள்.

இனிச் சிகிச்சையைப் பார்ப்போம். வில்ம்சின் காலத்திலே கத்தியொன்றே கருவி. பிழைத்த குழந்தைகள் மிகச் சிலர். 1950களிலே பொஸ்ரன் நகரில் சிட்னி ஃபாபர் என்பவர் அக்ரினோமைசின் என்னும் மருந்தைச் சத்திரசிகிச்சையோடும் கதிர்ச்சிகிச்சையோடும் சேர்த்துக் கையாண்டு பெரும்பயன் கண்டார். 1969இல் அமெரிக்காவின் வைத்தியசாலைகள் பல ஒன்றுகூடி, எந்தக் குழந்தைக்கு எவ்வளவு சிகிச்சை போதும் என்பதைக் கூட்டாக ஆராயத் தொடங்கின. இன்று வசதிமிக்க நாடுகளிலே இந்நோயுற்ற பத்துக் குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்பது பேர் பிழைக்கின்றனர். வசதி குறைந்த நாடுகளில் அத்தனை பேர் பிழைப்பதில்லை. மருந்தும் கருவியும் போதாமை ஒரு காரணம். பிந்தி வருவதும், தொடங்கிய சிகிச்சையை நடுவிலே கைவிடுவதும் ஏனைய காரணங்கள்.

இங்கேதான் பெரியோர்களிடமும் தாய்மாரிடமும் நாம் ஒன்றை வேண்டிக்கொள்கிறோம். இந்நோய் அருமையாகவே வருவது; பத்தாயிரம் பிள்ளைகளில் ஒருவருக்கு என்ற அளவினது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வருவது. பிள்ளை ஓடியாடி விளையாடும், நோவென்று அழாது. குளிக்க வார்க்கும்போதோ, சட்டை மாற்றும்போதோ தாயின் கைக்கு வயிற்றில் ஒருபக்கம் கட்டியாகத் தட்டுப்படும். சிலருக்குச் சிறுநீரில் இரத்தம் காணும். பூச்சி வயிறு, பொருமல் என்று எண்ணி எண்ணெய் தடவி உருவிவிடுவது நம்மிடையே உள்ள வழக்கம். அது கூடாது. வயிற்றை அழுத்துவதனாற் கட்டி உடைந்து பரவக்கூடும். நாளை, மறுநாள் என்று கடத்தாமல் வைத்தியரிடம் காட்டவேண்டும். கட்டி வேறொன்றாக இருந்தால் நட்டம் ஒன்றுமில்லை. இதுவாக இருந்தால் ஓர் உயிர் மிஞ்சும். தாயின் கையும் ஒரு பரிசோதனைக் கருவிதான். அது அறிந்ததைக் கேட்கத் தகப்பன்மாரும் பாட்டன்மாரும் முன்வர வேண்டும்.

இளைஞர்களே, வில்ம்ஸ் பின்னர் பேசல் நகரிலும், 1910 முதல் ஹைடல்பேர்க்கிலும் பேராசிரியராக விளங்கினார். முதலாம் உலக யுத்த காலத்திலே, டிப்தீரியாவினால் மூச்சடைத்த பிரெஞ்சு அதிகாரி ஒருவர், யுத்தக் கைதியாக அவரிடம் வந்தார். எதிரி நாட்டவரென்று பாராமல் அவருடைய தொண்டையைத் திறந்து சுவாசவழி அமைத்தார் வில்ம்ஸ். கைதி பிழைத்தார். அந்நோய் வைத்தியரைத் தொற்றிக்கொண்டது. 1918ஆம் ஆண்டு மே மாதம், ஐம்பதாவது வயதில், அவர் காலமானார்.

அவர் விட்டுச்சென்ற நூல் ஒரு குழந்தையையும் நேரே குணப்படுத்தவில்லை. ஆயினும் பெயரும் உருவும் தெரியாதிருந்த பகைக்கு முகமும் முகவரியும் அது கொடுத்தது. முகவரி தெரிந்த பின்னரே பின்வந்தோர் அதன் வாசலை அடைந்தனர். நம்முள் விஞ்ஞானம் கற்கும் பிள்ளைகள், பயன் உடனே தெரியவில்லையே என்று ஆராய்ச்சியை இகழாதிருப்பார்களாக. முன்னோர் எழுதியதைத் தேடிப் படித்து, கண்டதைக் கண்டபடி எழுதி வைப்பதும் உயிர்காக்கும் தொண்டே. நம் பிள்ளைகள் அத்தொண்டிலே முன்னிற்க வேண்டும் என வாழ்த்தி அமைகின்றோம்.