மணியோடர் வராத வருடங்கள்



யாழ்ப்பாணத்தில் நான் படித்த பெண்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்வதென்றால் மலாயாவிலிருந்துதான் தொடங்க வேண்டும். எங்களில் பலருடைய தகப்பன்மார் அங்கே ரயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்தார்கள். மாதாமாதம் வந்த மணியோடரில்தான் வீட்டுச் செலவும் பள்ளிக் கட்டணமும் நடந்தன. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. அதோடு பணம் நின்றது, கடிதமும் நின்றது. தகப்பன் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமலே பல வீடுகளில் மூன்றரை வருடம் ஓடியது. அண்ணனைப் படிப்பிப்பதா, தங்கையைப் படிப்பிப்பதா என்று கேள்வி வந்த வீடுகளில் யார் நின்றார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

மாதத் தொடக்கத்தில் இடாப்புக் கூப்பிட்டு முடிந்ததும், கட்டணம் கட்டாதவர்களின் பெயரை வாசிப்பார்கள். அந்தப் பிள்ளைகள் எழும்பி நிற்க வேண்டும். என் வாங்கில் இருந்தவள் கணக்கில் முதல்வி. பெயர் வாசித்ததும் எழும்பி, தாவணி நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்குவாள். விரல் வெளிறிப் போகும். ஒரு மாதம் பெயரை வாசித்தார்கள், எழும்ப அவள் இல்லை.

சண்டை முடிந்த கையோடு, 1945 ஒக்டோபர் முதலாம் திகதி, இலவசக் கல்வி வந்தது. உதவி பெறும் பள்ளிகள் சேரலாம், விடலாம் என்று இருந்ததால் எங்கள் நிர்வாகமும் யோசித்து யோசித்துத்தான் சேர்ந்தது. சேர்ந்த மாதம் இடாப்பை மூடிய ரீச்சர் நேரே பாடத்துக்குப் போனார். அவளும் வந்தாள், தன்னிலும் இளைய பிள்ளைகளோடு இருந்து படிக்க.

  

இலவசக் கல்விச் சட்டத்துக்காக அத்தனை எதிர்ப்பையும் தாங்கிய கல்வி அமைச்சர் கன்னங்கரா 1947 தேர்தலில் மத்துகமவில் தோற்றுப்போனார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

என் வாங்குச் சிநேகிதி திரும்பி வந்தாள், ஆனால் அவளுடைய அக்கா பள்ளிக்குத் திரும்பி வரவே இல்லை. இலவசக் கல்வி வந்தபோது அவர் கலியாணம் முடித்துக் கையில் குழந்தையோடு இருந்தார். அவர் பாதியில் விட்ட கொப்பிகளில்தான் தங்கை கணக்குச் செய்தாள். ஒரு பக்கம் வரை அக்காவின் சரிந்த எழுத்து, அடுத்த பக்கத்திலிருந்து இவளுடைய குண்டு எழுத்து. இலவசக் கல்வியால் படித்தவர்களைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். அது வருவதற்குள் நின்றுபோன அக்காமாரைப் பற்றி எவரும் எழுதி வைத்ததாக நான் காணவில்லை.

அப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், எந்த வகுப்போடு நின்றார், என்ன பாடம் பிடிக்கும் என்று கேட்டு வானொலி நிலையத்துக்கு எழுதுங்கள். அடுத்த உரையில் அந்தக் கடிதங்களை வாசிக்க விரும்புகிறேன்.