முதுகுவலிக்கு இழுவைச் சிகிச்சை

1965 மே 29 அன்று எவரெஸ்ட் உச்சியைத் தொட்டவர் ராணுவ அதிகாரி எச்.பி.எஸ். அலுவாலியா. அதே ஆண்டு நடந்த போரில் குண்டு பாய்ந்து அவருடைய தண்டுவடம் பாதிக்கப்பட்டது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே தில்லி வசந்த் குஞ்ஜில் முதுகுத்தண்டு சிகிச்சைக்கென்று பெரிய மருத்துவமனையை உருவாக்கினார்.

அவருக்கு நேர்ந்ததுபோன்ற காயம் இல்லாத சாதாரண முதுகு, கழுத்து வலிக்கும் இப்போது கத்தியில்லாத இழுவைச் சிகிச்சை என்று விளம்பரங்கள் வருகின்றன. இயந்திர மேசையில் படுக்கவைத்து, முதுகெலும்பை மெல்ல இழுத்துத் தளர்த்தி, எலும்புகளுக்கு இடையே உள்ள ஜவ்வின் மீதான அழுத்தத்தைக் குறைப்பதே இதன் நோக்கம். வழக்கமான சிகிச்சையைவிட இது மேலானது என்பதற்கு வலுவான சான்று இல்லை. ஜவ்வு விலகிய பலருக்கும் உடற்பயிற்சி, மருந்து, நடை இவற்றாலேயே சில வாரங்களில் வலி தணிகிறது.

கால் பலவீனமானாலோ, சிறுநீர், மலம் கட்டுப்படாவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இழுவைச் சிகிச்சைக்குப் பணம் கட்டுமுன் எலும்பு மருத்துவரைக் கேளுங்கள்.