ஆவடித் தீர்மானமும் ஒரு மாணவியின் கேள்வியும்

(ஆவடியில் நடைபெற்ற சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



நாம் அமர்ந்திருக்கும் இதே ஆவடியில்தான் 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடியது. தலைமை யு.என். தேபர்; பிரதமர் நேரு; மாநில முதலமைச்சர் காமராசர். சோசலிச பாணிச் சமுதாயம் அமைப்பதே திட்டமிடலின் நோக்கம் என்று அங்கே தீர்மானித்தார்கள். முக்கிய உற்பத்திச் சாதனங்கள் சமூகத்தின் உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ இருக்க வேண்டும், உற்பத்தி பெருக வேண்டும், நாட்டின் செல்வம் நியாயமாகப் பங்கிடப்பட வேண்டும் என்பது அதன் சாரம். அதே ஆண்டு ஜூலையில் இம்பீரியல் வங்கி, பாரத ஸ்டேட் வங்கியாயிற்று. 1956இல் எல்.ஐ.சி. வந்தது. நம் அரசியலமைப்பின் முகவுரையில் ‘சமதர்ம’ என்ற சொல் ஏறியதோ 1976இல்தான்.

சென்ற ஆண்டு இதைப் பெருமையோடு பத்தாம் வகுப்பில் சொன்னேன். நம் ஊர் ஆயிற்றே! அப்படியே மே தினத்துக்கும் போனேன். 1886இல் சிகாகோ தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலை கேட்டது, அதை ஒட்டி நடந்த வழக்கில் மறு ஆண்டு நான்கு பேர் தூக்கிலிடப்பட்டது, 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது என வரிசையாகச் சொன்னேன். (அமெரிக்காவில் தொழிலாளர் தினம் செப்டம்பரில் வருகிறது என்றதும் பிள்ளைகள் சிரித்தார்கள்.)

அப்போது ஒரு மாணவி எழுந்தாள். “மிஸ், எங்கப்பா 12 மணி நேரம் வேலை பாக்குறாரே, அவருக்கு அந்த எட்டு மணி கெடையாதா?”

அவர் அம்பத்தூர்ப் பக்கம் ஒப்பந்தத் தொழிலாளி. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு வைத்தது எனக்குத் தெரியும். ஆனாலும், “நல்ல கேள்விம்மா, உட்காரு” என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். நம்மில் பலர் இதைச் செய்திருப்போம்.

இரண்டு நாள் மனசு கேட்கவில்லை. மூன்றாம் நாள் சட்டம் சொன்ன வரம்பை வகுப்பில் விளக்கினேன். அதற்கு மேற்பட்ட நேரத்துக்கு இரட்டைக் கூலி உண்டு என்பதையும் சொன்னேன். பிறகு அவரவர் வீட்டுப் பெரியவர்களின் வேலை நேரத்தைக் கேட்டுவரச் சொல்லி, கரும்பலகையில் எழுதினோம். எட்டு என்ற எண் அதிகம் இல்லை.

எழுதி முடிக்கும்போது ஒரு பையன் கேட்டான்: “மிஸ், எங்கம்மா கம்பெனிக்குப் போயிட்டு வந்து வீட்டு வேலையும் பாக்குறாங்க. அத எதுல சேக்குறது?”

அதற்குத் தனியாக ஒரு பத்தி போட்டோம்.